க்னோசோஸில் எது பழசு, எது புதுசு? கிரீட் தீவுக்குப் புறப்படும் முன்

கேள்வி: ஜூலைக் கடைசியில் குடும்பத்தோடு கிரீஸ் போகிறோம். அதில் கிரீட் தீவுக்கு இரண்டு முழு நாள். தங்குவது ஹெராக்லியோன் நகரில். கிரீட்டின் பழைய நாகரிகமான மினோவன் காலத்து அரண்மனைகளைப் பார்க்கத்தான் போகிறோம். ஆனால் அவற்றில் பெரியதான க்னோசோஸ் பாதிக்குமேல் சிமென்ட்டில் கட்டிய 'செட்' என்று போய்வந்தவர்கள் சொல்கிறார்கள். உண்மையா? அதை விட்டுவிட்டு வேறு இடம் போகலாமா? கூட வரும் அம்மாவுக்கு 68 வயது, மூட்டுவலி, சுத்த சைவம். மகனுக்கு 10 வயது. கைடு தேவையா? (கோவை வாசகி)

பதில்: க்னோசோஸை விட்டுவிடாதீர்கள். ஆனால் அதை மட்டும் பார்த்துவிட்டும் திரும்பாதீர்கள். முதல் நாள் க்னோசோஸும் ஹெராக்லியோன் தொல்பொருள் அருங்காட்சியகமும், இரண்டாம் நாள் தெற்கே ஃபைஸ்டோஸ் அரண்மனை, கோர்ட்டின் என்ற பழைய நகரம். இரண்டு நாளுக்கு இதுதான் என் பரிந்துரை. ஏன் என்று விளங்க, அந்த சிமென்ட் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

அங்கே சிமென்ட் இருப்பது உண்மைதான். இந்த மேட்டில் முதலில் தோண்டிப் பார்த்தவர் ஹெராக்லியோன் வணிகரான மினோஸ் கலோகைரினோஸ். 1878-இல் பெரிய சேமிப்புத் தாழிகள் அவர் கண்ணில் பட்டன. பிறகு ஆங்கிலேயரான ஆர்தர் எவன்ஸ் நிலத்தை விலைக்கு வாங்கி 1900 மார்ச்சில் அகழாய்வைத் தொடங்கினார். மண்ணுக்குள்ளிருந்து பல மாடிக் கட்டடம் ஒன்று வெளிவந்தது. முதல் அரண்மனை ஏறத்தாழ கி.மு. 1900-ஐ ஒட்டி எழுந்து, கி.மு. 1700 வாக்கில் இடிந்தது. அதன்மேல் எழுந்த இரண்டாவது அரண்மனையின் எச்சம்தான் இன்று நாம் பெரும்பாலும் பார்ப்பது.

சிக்கல் எங்கே வந்ததென்றால், மினோவன் கட்டடக்காரர்கள் கல்லோடு மரத்தையும் தாராளமாகப் பயன்படுத்தியவர்கள். தூண்கள் மரம், உத்தரங்கள் மரம், சுவருக்குள்ளேயும் மரச்சட்டம். தீயிலும் காலத்திலும் மரம் போய்விட்டது. மேல்மாடியைத் தாங்கிக்கொண்டிருந்தது சரிந்து நிரம்பிய மண்தான். கிழக்குப் பக்கத்துப் பெரிய படிக்கட்டைத் தோண்டத் தோண்ட, மண்ணை எடுத்தால் மேலே உள்ளது தலையில் விழும் என்ற நிலை. முட்டுக் கொடுக்காமல் ஓர் அடி இறங்க முடியாது. முதலில் மரத்தால் முட்டுக் கொடுத்தார்கள். அப்புறம் இரும்பு உத்தரம் வந்தது. 1920-களில் கம்பி கட்டிய கான்கிரீட் வந்தது. அதுவரை எவன்ஸ் செய்ததை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தப் படிக்கட்டு நமக்கு மிஞ்சியதே அதனால்தான்.

குறை அதற்குப் பிறகு தொடங்குகிறது. தாங்கி நிறுத்துவதோடு நில்லாமல், மேல்மாடி இப்படித்தான் இருந்திருக்கும் என்று ஊகித்துக் கட்ட ஆரம்பித்தார். கட்டடக் கலைஞர் பீட் டி யோங் திட்டம் வரைந்தார். ஓவியங்களை எமில் ஜில்லியரோன் என்ற ஒரே பெயருடைய தந்தையும் மகனும் மீட்டு வரைந்தார்கள். சின்னச் சின்னத் துண்டுகளிலிருந்து முழு உருவங்கள் பிறந்தன. புகழ்பெற்ற 'லில்லி இளவரசன்' ஓவியத்தில் மகுடமும் உடலும் ஒரே ஆளுடையவைதானா என்றே ஆய்வாளர்கள் சந்தேகப்படுகிறார்கள். சுவரில் மாட்டியிருக்கும் டால்பின் ஓவியம் மேல்மாடித் தரையிலிருந்து விழுந்ததாக இருக்கலாம் என்ற கருத்தும் உண்டு. 'மகாராணியின் அறை' போன்ற பெயர்களும் எவன்ஸ் வைத்தவை. அங்கே மகாராணி இருந்தார் என்பதற்கு எழுத்துச் சான்று கிடையாது.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் வராது. நேரில் பிரித்துப் பார்க்க எளிய வழி ஒன்று சொல்கிறேன். வண்ணம் பளிச்சென்று இருந்தால் அது 20-ஆம் நூற்றாண்டு. கீழே சிறுத்து மேலே பருத்த அந்தச் சிவப்புத் தூண்கள் கான்கிரீட். உருவம் பழைய ஓவியங்களைப் பார்த்து எடுத்தது. மரம்போல் வண்ணம் தீட்டிய உத்தரமும் கான்கிரீட்தான். சுவரோவியங்கள் அத்தனையும் நகல்; மூலத் துண்டுகள் அருங்காட்சியகத்தில். அப்படியானால் பழசு எது? முழங்கால் உயரத்தில், நிறமில்லாமல், யாரும் படம் எடுக்காமல் கடந்துபோகிறார்களே, அதுதான். வெயில் படும்போது லேசாக மினுங்கும் வெள்ளைக் கல் ஜிப்சம். பக்கத்து ஜிப்சாதெஸ் குன்றிலிருந்து வெட்டிய கல். மேற்குச் சுவரின் அடிக்கற்கள், சேமிப்பு அறைகள், அவற்றில் ஆள் உயரத் தாழிகள், ஒன்றுக்குள் ஒன்று செருகும்படி ஒரு முனை குறுகலாகச் செய்த சுடுமண் குழாய்கள் எல்லாம் மினோவன் கைவேலை. சில கற்களில் இரட்டைக் கோடாரிக் குறி செதுக்கியிருக்கும். உங்கள் மகனிடம் அதைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், அவன் கையில் ஒரு வேலை இருக்கும்.

ஜிப்சம் மழைநீரில் கரையும், காலடி பட்டால் தேயும். ஆகவேதான் பல இடங்களில் கயிறு கட்டி மரப்பாதை போட்டிருக்கிறார்கள். 'உள்ளேயே விடமாட்டேன் என்கிறார்களே' என்று வருத்தப்படாதீர்கள். அந்தக் கயிறு இல்லாவிட்டால் உங்கள் பேரப்பிள்ளைகளுக்குக் கான்கிரீட் மட்டும்தான் மிஞ்சும்.

சரி, எப்படிப் போவது? ஜூலையில் நேரம்தான் எல்லாம். கோடைக்காலத்தில் காலை 8 மணிக்குத் திறக்கிறார்கள். நுழைவுச் சீட்டை அரசின் இணையதளத்தில் நேரம் குறித்து முன்பதிவு செய்யலாம். முதல் நேரத்தையே எடுங்கள். க்னோசோஸ் நகரிலிருந்து 5 கிலோமீட்டர்தான், நகரப் பேருந்து 2-ஆம் எண் வாசலிலேயே விடும். காரில் போனால், வழியில் தனியார் நிறுத்துமிடத்துக்காரர்கள் கையசைத்துக் கூப்பிடுவார்கள். கண்டுகொள்ளாமல் வாசல்வரை போய்ப் பாருங்கள், சீக்கிரம் போனால் இலவச இடம் கிடைக்கும். ஹெராக்லியோன் துறைமுகத்தில் சொகுசுக் கப்பல் வந்து நிற்கும் நாட்களில் ஒன்பதரை, பத்துக்குள் பேருந்துகள் வரிசையாக வந்து இறக்கும். அதற்குமுன் அரியணை அறையைப் பார்த்துவிட வேண்டும். உள்ளே நுழைந்ததும் மேற்கு முற்றத்தில் நிற்காமல், நேராக நடு முற்றத்துக்குப் போங்கள். அரியணை அறை அதன் மேற்குப் பக்கம். அறைக்குள் விடமாட்டார்கள், முன்னறையில் நின்று எட்டிப் பார்க்கலாம். சுவரோடு இருக்கும் அந்தக் கல் ஆசனம் 1900-இல் அதே இடத்தில் கிடைத்தது. முன்னறையில் இருப்பது அதன் மர நகல். அதில் உட்கார்ந்தது அரசனா, பூசாரிணியா என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. கூட்டம் சேர்வதற்குள் இதை முடித்துவிட்டால், பிறகு வடக்கு வாசலின் காளைச் சிற்பம், படிப்படியாக இருக்கும் 'அரங்கு', அங்கிருந்து போகும் கல் பாவிய பழைய சாலை எல்லாவற்றையும் நிதானமாகப் பார்க்கலாம்.

அம்மாவைப் பொறுத்தவரை, நடு முற்றம்வரை பெரிதாக ஏறி இறங்க வேண்டியதில்லை. ஆனால் தரை மேடும் பள்ளமும், கல் வழுக்கும். நன்றாகப் பிடித்து நிற்கும் ரப்பர் அடி வைத்த காலணியும் ஒரு கைத்தடியும் அவசியம், செருப்பு வேண்டாம். கிழக்குப் பகுதிக்குப் படி இறங்க வேண்டும். அதற்கு அவரைக் கட்டாயப்படுத்தாமல், நிழலான இடத்தில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் மாறி மாறிப் போய் வாருங்கள். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், தொப்பி, குடை. வெப்ப அலை அடிக்கும் நாட்களில் கிரீஸ் அரசு தொல்லியல் இடங்களை நடுப்பகலில் மூடிவிடுவதுண்டு. முந்தின நாள் மாலை அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கைடு? க்னோசோஸில் வையுங்கள், ஃபைஸ்டோஸில் தேவையில்லை. க்னோசோஸ் அடுக்கடுக்காகக் குழம்பிக் கிடக்கும் இடம். எது எந்தக் காலம் என்று கைநீட்டிக் காட்ட ஆள் வேண்டும். வாசலிலேயே உரிமம் பெற்ற வழிகாட்டிகள் சிறு குழுக்களாக ஆள் சேர்ப்பார்கள். மொழி, நேரம், தலைக்கு எவ்வளவு என்ற மூன்றையும் முதலிலேயே பேசிவிடுங்கள். காளைத்தலை மனிதனான மினோட்டாரின் கதையை மட்டும் சொல்லிக்கொண்டு போகிறவரா, கட்டடத்தைக் காட்டுகிறவரா என்று அறிய, 'எவன்ஸ் கட்டியதையும் பிரித்துக் காட்டுவீர்களா?' என்று கேளுங்கள். நல்ல வழிகாட்டிக்கு அந்தக் கேள்வி பிடிக்கும்.

பத்தரை, பதினொன்றுக்குள் வெளியே வந்து நேராக அருங்காட்சியகம். 'முதலில் அருங்காட்சியகம், பிறகு இடம்' என்பது பொதுவான அறிவுரை. குளிர்காலத்தில் நானும் அதையே சொல்வேன். ஜூலையில் நடுப்பகலைக் குளிர்சாதன அறையில் கழிப்பதே புத்தி. அங்கே க்னோசோஸ் அரண்மனையின் மர மாதிரி ஒன்று உண்டு. காலையில் நடந்த வழியை மகனோடு சேர்ந்து அதில் கண்டுபிடியுங்கள். சுவரோவியங்களின் முன் ஓரமாக நின்று பாருங்கள். மூலத் துண்டுகள் சற்றே புடைத்துத் தெரியும், மீதி தட்டையான புது வண்ணம். காளை தாண்டும் ஓவியத்தில் எவ்வளவு நிஜம் என்று அப்போது பிடிபடும்.

ஃபைஸ்டோஸ் வட்டை எல்லோரும் மொய்த்துக்கொண்டிருப்பார்கள்: 16 செ.மீ. குறுக்களவுள்ள களிமண் தட்டு, சுருளாகப் பதித்த குறிகள், இன்றுவரை யாரும் படித்ததில்லை. பார்க்க வேண்டியதுதான். ஆனால் எனக்குப் பிடித்தது ஃபைஸ்டோஸுக்கு அருகிலுள்ள ஹாகியா த்ரியாதாவில் கிடைத்த அறுவடைக் குடுவை. வேலை முடிந்து கருவிகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, வாய் திறந்து பாடியபடி நடக்கும் ஆட்களின் கூட்டம் கறுப்புக் கல்லில். விலா எலும்புவரை செதுக்கியிருக்கிறார்கள். அரசர்களை விடுங்கள், அந்தத் தீவின் சாதாரண மனிதர்களை இவ்வளவு அருகில் வேறெங்கும் பார்க்க முடியாது. பக்கத்திலேயே லீனியர் ஏ, லீனியர் பி என்ற இரண்டு பழைய எழுத்துமுறைகளில் எழுதிய களிமண் பலகைகள் இருக்கும். பி-யை 1952-இல் மைக்கேல் வென்ட்ரிஸ் படித்தார், அது பழைய கிரேக்கம். ஏ இன்னும் வாசிக்கப்படவில்லை. பச்சைக் களிமண்ணில் எழுதியவை இத்தனை நூற்றாண்டு தாங்கியதற்குக் காரணம், அரண்மனையை அழித்த அதே தீ அவற்றைச் சுட்டுக் கெட்டியாக்கியதுதான்.

இரண்டாம் நாள் தெற்கே. காரை வாடகைக்கு எடுங்கள். சுமார் 45 கிலோமீட்டரில் சாலையோரமே கோர்ட்டின். ரோமர் ஆட்சியில் தீவின் தலைநகர். சமதளம், ஒலிவ மரங்கள், அம்மாவுக்குச் சிரமமில்லை. ஓடியன் என்ற சிறு இசையரங்கின் பின்னால் கம்பிக்கு அப்பால் ஒரு கல்சுவர்: கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் பொறித்த சட்டத் தொகுப்பு, 12 பத்திகள், ஏறத்தாழ 600 வரிகள். ஏர் திரும்புவதுபோல ஒரு வரி வலமிருந்து இடமாகவும் அடுத்தது இடமிருந்து வலமாகவும் போகும். திருமணம், மணமுறிவு, வாரிசுச் சொத்து, அதில் பெண்ணின் பங்கு எல்லாம் ஊரார் கண்ணெதிரே கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் கடந்துவிடாதீர்கள்.

அங்கிருந்து இன்னும் 15 கிலோமீட்டரில் ஃபைஸ்டோஸ். இத்தாலியர்கள் 1900 முதல் தோண்டிய இடம். அவர்கள் எவன்ஸைப்போல் மேல்மாடி எழுப்பவில்லை. தோண்டியதை வலுப்படுத்தியதோடு பெரும்பாலும் நிறுத்திக்கொண்டார்கள். சிவப்புத் தூண் இல்லை, ஓவியம் இல்லை. அகன்ற படிக்கட்டு, முற்றம், சுவர்களின் அடித்தடம், கீழே விரியும் மெஸ்ஸாரா சமவெளி, வடக்கே பெரிய மலை. முந்தின நாள் க்னோசோஸைப் பார்த்த கண்ணுக்கு இங்கே கட்டடம் தானாகவே எழுந்து நிற்கும்; நேரே இங்கே வந்திருந்தால் வெறும் கற்குவியலாகத்தான் தெரியும். அதனால்தான் வரிசையை மாற்றாதீர்கள் என்கிறேன். இங்கே படி இறங்கித்தான் ஆக வேண்டும். ஆனால் மேலே இருக்கும் காப்பிக்கடையின் திண்ணையிலிருந்து அரண்மனையைப் பார்க்கலாம்; அம்மா அங்கேயே இருந்துகொள்ளட்டும். பிற்பகலில் பக்கத்து மதாலா கடற்கரைக்குப் போனால் மகன் நீந்தலாம். பாறையில் குடைந்த பழைய கல்லறைக் குகைகளும் அங்கே உண்டு.

கார் ஓட்டத் தயக்கமென்றால் ஹெராக்லியோனிலிருந்து ஃபைஸ்டோஸ், மதாலா பக்கம் வெளியூர்ப் பேருந்து ஓடுகிறது. நேர அட்டவணை பருவத்துக்குப் பருவம் மாறும், திரும்பி வரும் வண்டியை உறுதி செய்த பிறகே ஏறுங்கள். மாலியா, ஸாக்ரோஸ் அரண்மனைகளும் நல்லவைதான். இவையும் க்னோசோஸ், ஃபைஸ்டோஸும் உள்ளிட்ட ஆறு மினோவன் இடங்கள் 2025-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. ஆனால் இரண்டு நாளில் அவற்றையும் திணிக்க வேண்டாம். ஸாக்ரோஸ் தீவின் கிழக்குக் கோடி.

அம்மாவின் சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம். தக்காளியும் பாலாடைக்கட்டியும் போட்ட பார்லி ரொட்டி 'தாக்கோஸ்', எலுமிச்சையும் ஒலிவ எண்ணெயும் விட்ட வேகவைத்த கீரை 'ஹோர்த்தா', பருப்பு மசியல் 'ஃபாவா' எல்லா ஊரிலும் கிடைக்கும். அரிசி அடைத்த தக்காளி, குடைமிளகாயில் இறைச்சி சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள். 'நிஸ்தீசிமோ' என்று எழுதியிருந்தால் விரத உணவு. அதில் இறைச்சி, பால், முட்டை இருக்காது, ஆனால் கணவாய், சிப்பி வகைகள் இருக்கலாம், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, மகனுக்குச் சொல்லி வையுங்கள்: ஃபைஸ்டோஸ் சரிவிலும் கோர்ட்டின் தோப்பிலும் தரையில் பானை ஓடுகள் கண்ணில் படலாம். ஒரு துண்டைக்கூட எடுக்கக் கூடாது. கிரீஸ் சட்டப்படி குற்றம், விமான நிலையத்தில் பெட்டியில் கிடைத்தாலும் சிக்கல். எடுத்துப் பார்க்காமல், கிடந்த இடத்திலேயே படம் எடுத்துக்கொள்ளட்டும். ஓடு எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பதை வைத்துத்தான் தொல்லியலாளர் காலத்தைக் கணிக்கிறார். இடம் மாறிய ஓட்டால் அவருக்குப் பயனில்லை.