தென்கொரியாவில் ஆண் குழந்தை மோகம் எப்படிப் போனது? போன பிறகும் ஏன் யாரும் பிள்ளை பெற்றுக்கொள்வதில்லை?

சட்டம் போட்டுத் தடுத்தார்கள், மோகம் போய்விட்டது என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சில வருடங்கள் அந்நாட்டின் சுவோன் நகரில் வேலை பார்த்தவள் என்ற முறையில் என் பதில் இது: மகனால் மட்டுமே ஆகும் என்றிருந்த காரியங்கள் ஒவ்வொன்றாக இல்லாமல் போயின. மோகமும் போனது.

அந்தக் காலத்தில் பிள்ளை பிறந்த வீட்டு வாசலில் வைக்கோல் கயிறு கட்டுவார்கள். ஆண் என்றால் கயிற்றில் சிவப்பு மிளகாய் தொங்கும், பெண் என்றால் பைன் கொத்து. முன்னோருக்குப் படையல் போடும் 'ஜேசா' சடங்கை மூத்த மகன்தான் செய்ய வேண்டும். குடும்பப் பதிவேட்டில் அப்பாவுக்குப் பிறகு தலைவர் பதவி அம்மாவுக்குப் போகாது, பால்குடி மறக்காத பையனாக இருந்தாலும் அவனுக்குத்தான்.

1962இல் அரசு குடும்பக் கட்டுப்பாட்டை ஆரம்பித்தது. 'ஆணோ பெண்ணோ, இரண்டு பெற்று நன்றாக வளர்ப்போம்' என்று ஊரெங்கும் சுவரொட்டி. கருத்தடை செய்துகொண்டவர்களுக்கு அபார்ட்மெண்ட் ஒதுக்கீட்டில் முன்னுரிமைகூடக் கொடுத்தார்கள். பிள்ளைகள் குறைந்தன, ஆனால் ஒன்றாவது ஆணாக இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் குறையவில்லை. அப்புறம் ஸ்கேன் வந்தது. கருவின் பாலினத்தைச் சொல்லக்கூடாது என்று 1987இல் தடை போட்டார்கள். அப்படியும் 1990இல் 100 பெண் குழந்தைகளுக்கு 116 ஆண் குழந்தைகள் பிறந்தன. பன்னிரண்டு விலங்குகளின் பெயரில் சுழலும் அவர்கள் நாட்காட்டியில் அது குதிரை வருடம், அதில் பிறக்கும் பெண் அடங்கமாட்டாள் என்ற நம்பிக்கை வேறு! 1993இல் மூன்றாவதாகப் பிறந்த குழந்தைகளில் ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண். இதெல்லாம் தடை அமலில் இருந்தபோதே நடந்தது. என்னோடு வேலை பார்த்த ஒருவர், தன் தொடக்கப்பள்ளி வகுப்பில் பக்கத்தில் உட்காரப் பெண் பிள்ளை கிடைக்காமல் பையன்கள் ஜோடியாக உட்கார்ந்ததைச் சொல்லியிருக்கிறார். அந்தக் காலி இடங்களை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது.

மாற்றத்தைக் கொண்டுவந்தது நகர வாழ்க்கையும் பெண்களின் படிப்பும் சம்பளமும்தான். முதுமைக்கு மகனையே நம்பியிருந்த நிலையில், 1988இல் தேசிய ஓய்வூதியம் வந்தது. ஆண் தலைமைப் பதிவேடு அரசியல் சட்டத்துக்கு முரண் என்று 2005இல் நீதிமன்றம் சொன்னது, 2008இல் அது ஒழிந்தது. இன்று 100 பெண் குழந்தைகளுக்கு 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன, அதாவது இயல்பான அளவு. முதல் குழந்தை பெண்ணாக இருந்தால் தேவலை என்று சொல்கிறவர்களே இப்போது அதிகம்.

சரி, ஏன் பிள்ளையே வேண்டாம் என்கிறார்கள்? மகனுக்கு இருந்த மவுசு போனதே தவிர, மருமகள் தலையில் இருந்த சுமை போகவில்லை. சுசோக் என்ற அறுவடைப் பண்டிகைக்கு மாமியார் வீட்டு அடுப்படியில் விடியற்காலையிலிருந்து நிற்பது அவள், முன்னோரைக் கும்பிடுவது ஆண்கள். அதோடு நீண்ட வேலை நேரம், வீட்டு விலை, டியூஷன் செலவு. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2023இல் 0.72 குழந்தை, 2024இல் 0.75.

அரசு உதவித்தொகையை அள்ளிக் கொடுக்கிறது. பணம் மட்டும் இதைச் சரிசெய்யும் என்று நான் நம்பவில்லை. பிரசவம் முடிந்து வந்தால் வேலையில் என் இடம் அப்படியே இருக்குமா, சாயங்காலம் அவரும் நேரத்தோடு வீட்டுக்கு வருவாரா? என்னோடு வேலை பார்த்த பெண்கள் கேட்டது இந்த இரண்டைத்தான்.