கவுன்சிலர் வேட்பாளரின் வாக்குறுதிகள்: எது அவர் கையில் இருக்கிறது?

கேள்வி: தாம்பரம் மாநகராட்சியில், முன்பு மாடம்பாக்கம் பேரூராட்சியாக இருந்த பகுதியில் 2011ல் ஒரு மனை வாங்கி, தரைத்தளம் மட்டும் கட்டிக் குடியிருக்கிறோம். மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் இல்லை. மாடி கட்ட வங்கிக் கடன் கேட்டால் அனுமதி எங்கே என்கிறார்கள். அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் வார்டில் நிற்கப்போவதாகச் சொல்லும் ஒருவர் வீடு வீடாக வருகிறார். பாதாள சாக்கடை கொண்டுவருவேன், சொத்து வரியைக் குறைப்பேன், இனி இங்கே அபார்ட்மென்ட் கட்ட விடமாட்டேன் என்கிறார். அவருக்கு வேண்டப்பட்டவர் ஒருவர், பிளாட்டுக்கு 15,000 ரூபாய் கொடுத்தால் அண்ணன் ஜெயித்ததும் மொத்த லேஅவுட்டையும் வரன்முறை செய்து தருவதாக வசூலிக்கிறார். தெருவில் பாதிப் பேர் கொடுத்துவிட்டார்கள். நாங்களும் கொடுக்கலாமா? அவர் சொல்வதெல்லாம் நடக்குமா?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. மற்றதைப் பிறகு பேசலாம், முதலில் இதை முடிவு செய்துகொள்ளுங்கள்.

மனையை வரன்முறை செய்யும், அதாவது அங்கீகாரமில்லாத மனையைச் சட்டப்படி முறைப்படுத்தும் அதிகாரம் கவுன்சிலருக்குக் கிடையாது. மேயருக்கும் கிடையாது. உங்கள் பகுதி சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) எல்லைக்குள் வருகிறது. முதலில் மனைப்பிரிவு முழுமைக்கும் சி.எம்.டி.ஏ. கொள்கை அளவில் ஒப்புதல் தரவேண்டும். அதன் பிறகு ஒவ்வொரு மனைக்காரரும் தனித்தனியாக விண்ணப்பித்து, வரன்முறைக் கட்டணமும் வளர்ச்சிக் கட்டணமும் கட்டி, மாநகராட்சியில் ஆணை வாங்கவேண்டும். இது 2017ல் வந்த விதி. 2016 அக்டோபர் 20க்கு முன் பத்திரம் பதிவான மனைகளுக்குத்தான் பொருந்தும். உங்கள் பத்திரம் 2011 என்பதால் அந்தக் கவலை உங்களுக்கு இல்லை. நீர்நிலை, புறம்போக்கு, உயர் அழுத்த மின்கம்பிப் பாதை ஆகியவற்றில் மனை விழுந்திருந்தால் யார் ஜெயித்தாலும் வரன்முறை கிடைக்காது.

இந்த வசூலில் ஒரு தந்திரம் இருக்கிறது. சென்னையைச் சுற்றிப் பல மனைப்பிரிவுகளுக்கு சி.எம்.டி.ஏ. ஏற்கெனவே கொள்கை ஒப்புதல் கொடுத்து, இணையதளத்திலும் போட்டிருக்கிறது. உங்கள் மனைப்பிரிவும் அதில் இருக்கலாம். இருந்தால், அவர் 'மொத்த லேஅவுட்டுக்கும்' வாங்கித் தருவதாகச் சொல்வது ஏற்கெனவே முடிந்துபோன வேலை. உங்கள் மனைக்கான கட்டணத்தை எப்படியும் நீங்கள்தான் தனியாகக் கட்டவேண்டும். அந்த 15,000 எதற்கு என்று அவரிடம் கேளுங்கள். பதில் வராது. ஒப்புதல் இல்லை என்றாலும் குடியிருப்போர் சங்கம் சேர்ந்து விண்ணப்பிக்கலாம், நடுவில் ஆள் தேவையில்லை. விண்ணப்பம் ஆன்லைனில்தான். அரசு இதற்குப் பலமுறை கால நீட்டிப்பு கொடுத்திருக்கிறது. விண்ணப்பிக்கும் நாளில் எந்தத் தேதி நடப்பில் இருக்கிறது என்பதை இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். புரோக்கர் சொல்லும் 'கடைசித் தேதி' எப்போதும் அடுத்த வாரமாகவே இருக்கும். கட்டணம் அரசுக் கணக்குக்குப் போகவேண்டும், ரசீதில் உங்கள் பெயரும் மனை எண்ணும் சர்வே எண்ணும் இருக்கவேண்டும். துண்டுச் சீட்டில் கையெழுத்துப் போட்டுத் தருவது ரசீது ஆகாது.

இவர்கள் வழக்கமாகக் காட்டும் மூன்று காகிதங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் படித்தவர்களே இதில் ஏமாறுகிறார்கள். சொத்து வரி ரசீது, மின் இணைப்பு அட்டை, பதிவான பத்திரம். 'வரி கட்டறீங்க, ஈ.பி. இருக்கு, ரெஜிஸ்டர் ஆயிருக்கு, அப்புறம் என்ன, அப்ரூவ்டு மாதிரிதான்' என்பார்கள். இந்த மூன்றுமே அங்கீகாரத்துக்குச் சாட்சி கிடையாது. கட்டடம் இருக்கிறது என்பதற்காக மாநகராட்சி வரி வாங்குகிறது, அவ்வளவுதான்.

பதிவு விஷயத்தில்தான் குழப்பம் அதிகம். அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. இப்போது பதிவுச் சட்டத்தின் 22ஏ பிரிவுப்படி, விவசாய நிலத்தைப் புதிதாக மனையாகப் பிரித்து அங்கீகாரம் இல்லாமல் விற்றால் சார்பதிவாளர் பதிவை மறுக்கவேண்டும். ஆனால் அதே பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. ஒரு மனை முன்பே 'மனை' என்று பதிவாகியிருந்தால், அதை மறுபடி விற்கும்போது பதிவு செய்யலாம். உங்கள் 2011 பத்திரத்தில் சொத்து விவரத்தைப் பாருங்கள். 'மனை எண் இத்தனை, கிழமேல் இத்தனை அடி, தென்வடல் இத்தனை அடி' என்று இருந்தால், நாளை நீங்கள் விற்றாலும் வாங்குபவர் பெயரில் பதிவாகும். 'நஞ்சை நிலத்தில் இத்தனை சென்ட், பிரிபடாத பாகம்' என்று இருந்தால் சிக்கல். இந்த விலக்கு பதிவுக்கு மட்டும்தான் உதவும். கட்டட அனுமதிக்கு உதவாது, வங்கியும் இதை ஏற்காது. மறுபதிவு நடந்துவிட்டதால் மனை அங்கீகாரம் பெற்றுவிட்டது என்று எவராவது சொன்னால், அவர் உங்களிடம் எதையோ விற்க வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்துக்கும் (விண்ணப்பிப்பவரே விவரங்களுக்குச் சான்று தந்து அனுமதி பெறுவது) இந்த விலக்கு உதவாது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் ஒரு மாடியும் கட்ட ஆன்லைனில் உடனடி அனுமதி கிடைக்கும். உங்கள் மாடிக்கு ஏற்ற திட்டம்தான். அதற்கும் மனை முதலில் வரன்முறையாகியிருக்க வேண்டும்.

சரி, வேட்பாளர் சொன்னவற்றுக்கு வருவோம்.

பாதாள சாக்கடைத் திட்டத்தை ஒரு கவுன்சிலரால் தனியாகக் கொண்டுவர முடியாது. சென்னை மாநகராட்சியிலேயே கவுன்சிலரின் வார்டு மேம்பாட்டு நிதி 2025-26ல் 60 லட்சம் ரூபாய்தான். அதில் வடிகால் உடைப்பு, பள்ளிக் கழிப்பறை, விளக்குக் கம்பம் போன்றவற்றைச் செய்யலாம். பாதாள சாக்கடை கோடிக்கணக்கில் போகும் வேலை. திட்ட அறிக்கை தயாராகி, அம்ருத் போன்ற மத்திய அரசின் நகர்ப்புறத் திட்டத்தில் நிதி கிடைத்து, டெண்டர் விடவேண்டும். இதில் கவுன்சிலரால் உண்மையிலேயே ஆகக்கூடிய காரியம் ஒன்று உண்டு. மேடையில் அதை யாரும் பேசுவதில்லை. கழிவுநீரை ஒரு தாழ்வான இடத்தில் சேர்த்து மேலேற்ற உந்து நிலையம் வேண்டும், அதற்கு இடம் வேண்டும். எல்லாருக்கும் பாதாள சாக்கடை வேண்டும், தன் தெருமுனையில் உந்து நிலையம் மட்டும் கூடாது. இடத்தகராறிலேயே வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் 'பாதாள சாக்கடை வருமா?' என்று கேட்காதீர்கள். 'உந்து நிலையத்துக்கு நம் வார்டில் எந்த இடம் என்று நினைக்கிறீர்கள்? அங்குள்ளவர்கள் எதிர்த்தால் அவர்களிடம் போய்ப் பேசுவீர்களா?' என்று கேளுங்கள். யோசித்து ஒரு இடத்தைச் சொல்பவர் வேலை தெரிந்தவர்.

அதுவரை செப்டிக் டேங்க்தான். அதன் குழாயை மழைநீர் வடிகாலில் திருப்பிவிடலாம் என்று எந்த பிளம்பர் சொன்னாலும் கேட்காதீர்கள். ஏரிகள் நாறுவது இப்படித்தான். தொட்டியைச் சுத்தம் செய்ய உரிமம் பெற்ற லாரியை 14420 என்ற எண்ணில் கேட்கலாம். ஆளை உள்ளே இறக்குவது குற்றம்.

சொத்து வரியைப் பொதுவாகக் குறைக்கிறேன் என்பது வெறும் பேச்சு. 2022 ஏப்ரலில் வரி உயர்ந்தபோது உங்கள் பகுதி போன்ற இடங்களில் 600 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று விகிதத்தை முடிவு செய்தது மாநில அரசு. அதற்குப் பின்னால் 15வது நிதிக்குழுவின் நிபந்தனையும் இருந்தது, வரி வருவாய் கூடினால்தான் மானியம். மாநகராட்சி மன்றம் தீர்மானம் போட்டது, அவ்வளவே. ஆனால் உங்கள் ஒரு வீட்டுக்குத் தப்பாகக் கணக்குப் போட்டிருந்தால் சரிசெய்யலாம். முன்னறையில் தையல் மெஷின் போட்டதற்காக வீடு முழுவதையும் வணிகம் என்று எழுதியிருப்பார்கள். பரப்பளவைக் கூட்டி எழுதியிருப்பார்கள். ஆணையருக்கு எழுத்தில் மனு கொடுத்து மறு அளவீடு கேளுங்கள், மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அபார்ட்மென்ட்டைத் தடுப்பேன் என்பதும் நடக்காது. 18.3 மீட்டருக்கு மேற்பட்ட உயரமான கட்டடங்கள் சி.எம்.டி.ஏ. கையில். சிறிய கட்டடங்களுக்கு மாநகராட்சியே அனுமதி தந்தாலும் ஆணையரும் நகரமைப்புப் பிரிவும்தான் தருகிறார்கள், மன்றத்தில் ஓட்டெடுப்பு கிடையாது. விதிக்கு உட்பட்ட கட்டடத்தைத் தடுக்கவும் கூடாது, மக்கள் எங்கேதான் போய் வாழ்வார்கள்? கவுன்சிலர் கேட்கவேண்டிய கேள்வி வேறு. பெரிய மனைப்பிரிவு போட்டவர் பத்து சதவீத இடத்தைப் பூங்காவுக்கு என்று தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். 3,000 சதுர மீட்டருக்கு மேல் போனால் இது பொருந்தும். 10,000 சதுர மீட்டர் வரை இடத்துக்குப் பதில் பணம் கட்டவும் வழி உண்டு, அதற்கு மேல் இடமாகவே தருவது கட்டாயம். அந்த இடம் இப்போது யார் கையில் இருக்கிறது? சுற்றுச்சுவர் உண்டா? சாலைகள் மாநகராட்சி பெயருக்கு மாறிவிட்டனவா? மாறாத சாலையில் மாநகராட்சிப் பணத்தைப் போட தணிக்கை விடாது. உங்கள் தெருவுக்கு இதுவரை தார் வரவில்லை என்றால் காரணம் அதுவாகத்தான் இருக்கும். ஒவ்வொரு தேர்தலிலும் 'ரோடு போடுகிறோம்' என்பார்கள், அதற்கு முன் வேண்டிய தானப் பத்திரத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

இந்த நிலைமைக்கு வேட்பாளர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. 74வது அரசியல் சட்டத் திருத்தம் 1993ல் நடைமுறைக்கு வந்தது. பன்னிரண்டாவது அட்டவணையில் நகரத் திட்டமிடல் முதல் 18 பொறுப்புகளை எழுதி வைத்தார்கள். முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும் சென்னையைச் சுற்றித் திட்டமிடல் உள்ளாட்சி கைக்கு வரவில்லை. 1998ல் போட்ட நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் நடைமுறைக்கு வர 2023 ஆனது. 2016 அக்டோபரில் மன்றங்களின் காலம் முடிந்த பிறகு 2022 பிப்ரவரி 19 வரை தேர்தலே நடக்கவில்லை. அத்தனை ஆண்டுகளும் தனி அலுவலர்கள்தான் ஆண்டார்கள். ஒரு தெருவிளக்குக்கு யாரிடம் போவது என்று தெரியாமல் மக்கள் அலைந்தார்கள். அந்த வெற்றிடத்தில்தான் 'அண்ணனுக்கு வேண்டியவர்கள்' முளைத்தார்கள். கேட்க முறையான இடம் இல்லாதபோது புரோக்கரிடம்தான் போய் நிற்பார்கள்.

ஆனால் ஒரு இடம் இப்போது இருக்கிறது. அதுதான் பகுதி சபை, அந்தந்தப் பகுதி மக்கள் கூடிக் கோரிக்கை சொல்லும் கூட்டம். உங்கள் மாநகராட்சியிலேயே இருக்கும் பம்மலில், 2022 நவம்பர் 1 அன்று அப்போதைய முதலமைச்சர் ஸ்டாலினே அதில் வந்து உட்கார்ந்தார். வார்டைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சபை. அவற்றுக்கு மேலே வார்டு குழு, அதன் தலைவர் கவுன்சிலர்தான். சபையைக் கூட்டுவது, அங்கே எழுந்த கோரிக்கையை மன்றத்தில் பொருளாக வைப்பது, டெண்டர் விட்ட வேலையைத் தெருவில் நின்று பார்ப்பது, பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டு வீட்டைப் பள்ளமாக்கும் ஒப்பந்ததாரரைத் தடுப்பது ஆகிய எல்லாம் அவர் கையில் இருக்கின்றன. மாநகராட்சிக் கவுன்சிலருக்கு மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியம் 2023லிருந்து தருகிறார்கள், இந்த வேலைகளுக்குத்தான். வேட்பாளர் வரும்போது உட்காரச் சொல்லி, பகுதி சபையை எந்தெந்த மாதம் கூட்டுவார், போன முறை நடந்த சபைகளின் தீர்மானப் புத்தகத்தைப் பார்த்திருக்கிறாரா என்று கேளுங்கள். 'அப்படின்னா என்னங்க?' என்று திருப்பிக் கேட்டால் கோபப்படவேண்டாம், விளக்கிச் சொல்லுங்கள். அடுத்த முறை படித்துவிட்டு வருகிறாரா என்று மட்டும் பாருங்கள்.

தெருவில் பணம் கொடுத்தவர்களுக்கு: எல்லாரும் சேர்ந்து ஒரே கடிதமாக எழுதி, யாரிடம், எந்தத் தேதியில், எவ்வளவு கொடுத்தார்கள் என்று பட்டியலிட்டுத் திருப்பிக் கேளுங்கள். ஜிபே, போன்பேயில் அனுப்பியிருந்தால் அந்த விவரத்தை அச்செடுத்து வையுங்கள். மறுத்தால் அதே கடிதத்தோடு காவல் நிலையத்துக்குப் போங்கள். அதிகாரி யாராவது பங்கு வாங்குவதாக அவர் சொல்லியிருந்தால் லஞ்ச ஒழிப்புத் துறைக்கும் ஒரு நகல். வேட்பாளருக்கும் ஒன்று அனுப்புங்கள். அவர் பெயரைச் சொல்லி வசூல் நடப்பது அவருக்குத் தெரியாது என்றால், தெரிந்த பிறகு என்ன செய்கிறார் என்று பார்க்கலாம்.

உங்கள் வரைக்கும் இந்த வாரம் செய்யவேண்டியது: 2011 பத்திரம், தாய்ப் பத்திரம், இன்றைய தேதி வரை வில்லங்கச் சான்று, பட்டா, மனைப்பிரிவு வரைபடம் ஆகியவற்றை ஒரே கோப்பில் சேருங்கள். சர்வே எண்ணை வைத்து, கொள்கை ஒப்புதல் இருக்கிறதா என்று சி.எம்.டி.ஏ. இணையதளத்தில் தேடுங்கள். கிடைக்காவிட்டால் 10 ரூபாய் கட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் தரவேண்டும். மனுவில் மூன்றே கேள்விகள் போதும்: எங்கள் மனைப்பிரிவுக்கு ஒப்புதல் உண்டா, ஆணை எண் என்ன, சாலைகளும் பூங்கா இடமும் மாநகராட்சி பெயருக்கு ஒப்படைக்கப்பட்டுவிட்டனவா?