பத்து மணிக்குப் பிறகு கூத்து: சட்டத்தில் வழி இருக்கிறதா?

யாழ்ப்பாணம் வடமராட்சியில் ஒரு கிராமத்துச் சனசமூக நிலையத்தின் செயலாளர் எழுதியிருக்கிறார். அவருடைய கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

நிலையத்தின் ஆண்டு விழாவை ஒட்டி அம்மன் கோவில் முன்றலில் காத்தவராயன் கூத்துப் போட்டார்கள். ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணிவரை அனுமதி எடுத்திருந்தார்கள். கூத்தோ விடியும்வரை போகும். பக்கத்து வளவுக்காரர் 119 க்கு அழைத்தார். பதினொன்றரைக்குப் பொலிஸார் வந்து நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினார்கள், பொலிஸார் போனதும் மறுபடி போட்டார்கள். இரண்டாம் தடவை வந்தபோது அம்ப்ளிஃபயரையும் இரண்டு ஒலிபெருக்கிக் குழாய்களையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது நீதவான் நீதிமன்றத்தில் தவணை. சவுண்ட்ஸ்காரர் மூன்று கிழமையாக ஹயர் இல்லை, நட்டத்தைத் தாருங்கள் என்கிறார். பொடியள் சிலர் முறைப்பாடு செய்தவர் வீட்டு வாசலில் நின்று சத்தம் போட்டிருக்கிறார்கள். "இது எங்கட ஊரின் நேர்த்தி ஐயா. அடுத்த வருசம் விடியும்வரை போடச் சட்டத்தில் வழி இருக்கிறதா?" என்று கேட்கிறார்.

தம்பி, வழி இருக்கிறது. பத்து மணிக்குப் பிறகு ஒன்றும் செய்ய முடியாது என்று ஊரெல்லாம் ஒரு கதை உலாவுகிறது. அந்தக் கதையை நம்பிக் கூத்தைப் பாதியில் வெட்டி ஒன்பதரைக்கே மங்களம் பாடிய மேடைகளை நான் கண்டிருக்கிறேன். மனது கஷ்டப்பட்டது. சட்டம் சொல்வது அதுவல்ல.

ஒலிபெருக்கி அனுமதி 1865 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச்சட்டத்தின் 80 ஆம் பிரிவின் கீழ் தரப்படுகிறது. அதை எப்படிக் கொடுக்க வேண்டும் என்று இலங்கையின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றம் 2007 நவம்பர் 9 இல் பணிப்புரைகள் விடுத்தது. அடிப்படை உரிமை மனு 38/2005 இல், பிரதம நீதியரசர் சரத் என். சில்வா எழுதிய தீர்ப்பு அது. வழக்கு வெலிகமையில் ஒரு பள்ளிவாசலின் ஒலிபெருக்கி பற்றித் தொடங்கியது. ஆனால் கோவில், தேவாலயம், விகாரை, இசைக்குழு, உங்களுடைய கூத்து எல்லாவற்றுக்கும் அது ஒரே மாதிரிப் பொருந்தும்.

இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை பொதுவாக அனுமதி இல்லை என்பது அந்தத் தீர்ப்பின் ஒரு வசனம். ஊரில் எல்லாருக்கும் தெரிந்தது இது மட்டும்தான். அதற்கு அடுத்த வசனம்தான் உங்களுக்கு வேண்டியது. விசேட சமய வைபவங்களுக்கும் வேறு விசேட நிகழ்ச்சிகளுக்கும் அந்த நேரத்திலும் அனுமதி கொடுக்கலாம். அயலில் குடியிருப்பவர்களின் கருத்தை முதலில் அறிய வேண்டும், அதை எழுத்தில் பதிந்து வைக்க வேண்டும், அனுமதி கொடுப்பதற்கு எவரும் ஏற்கக்கூடிய நியாயம் இருக்க வேண்டும். இவ்வளவுதான் நிபந்தனை. அயலைக் கேட்டுவிட்டுச் செய் என்கிறது நீதிமன்றம். நீங்கள் தவறவிட்டதும் அதைத்தான்.

நியாயம் என்ற சொல்லில் கொஞ்சம் நிற்க வேண்டும். உங்கள் விண்ணப்பத்தில் "ஆண்டு விழா, கலை நிகழ்ச்சி" என்று ஒரு வரிதான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதை வாசிக்கிற அதிகாரிக்கு அது ஏன் விடியும்வரை போக வேண்டும் என்று எப்படித் தெரியும்? சின்ன வயதில் நான் கூத்துப் பார்க்கப் போனால் ஓலைப்பாயில் நித்திரையாகிவிடுவேன். காத்தவராயன் கழுமரம் ஏறுகிற கட்டம் வந்ததும் அம்மம்மா தோளில் தட்டி எழுப்புவா. கிழக்கு வெளுத்துக்கொண்டு வரும். உடுக்குச் சத்தம் மாறும். அவர் ஒவ்வொரு படியாகப் பாடிப் பாடி ஏறுவார், சனம் எழும்பி நின்று கற்பூரம் கொளுத்தும். அந்தக் கட்டம் இல்லாமல் முடிந்தால் அம்மனுக்கு வைத்த நேர்த்தி நிறைவேறவில்லை. இதைத்தான் விண்ணப்பத்தில் எழுத வேண்டும். கூத்து எந்தக் கோவிலின் நேர்த்தி, எத்தனை வருசமாக ஆடப்படுகிறது, கழுவேற்றம் ஏன் விடியற்பக்கம் வருகிறது என்று அரைப் பக்கம் எழுதி, கோவில் தர்மகர்த்தா சபையின் கடிதத்தையும் சேர்த்துக் கொடுங்கள். விசேட சமய வைபவம் என்று சொல்ல இதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

அப்புறம் அயல். திருவிழா நோட்டீஸ் கொடுக்கப் போகிற மாதிரிப் போகாமல், ஒரு கொப்பியோடு போங்கள். எந்தத் திகதி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை, ஒலிபெருக்கிப் பெட்டிகள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கும் என்று சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். மறுப்பவரின் மறுப்பையும் அவருடைய சொல்லிலேயே எழுதுங்கள். அதை மறைத்தால், பொலிஸார் விசாரிக்கும்போது மற்றக் கையெழுத்துகளின் மதிப்பும் போய்விடும். ஒரு வீட்டில் படுக்கையில் கிடக்கும் முதியவர் இருப்பார், இன்னொரு வீட்டில் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கும். அவர்களுக்காக மேடையைத் திருப்பலாம், பரீட்சை முடியத் திகதியை வைக்கலாம். கிராம அலுவலரும் அந்தக் கொப்பியில் ஒப்பமிட்டால் நல்லது. குறைந்தது இரண்டு கிழமைக்கு முன்னமே இதையெல்லாம் முடித்துப் பொலிஸ் நிலையத்தில் கொடுங்கள்.

பனையில் ஏற்றிக் கட்டுகிற குழாயைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அதே தீர்ப்பின்படி, காலை 6 முதல் இரவு 10 வரையான அனுமதியிலும் சத்தம் அந்த வளவை விட்டு வெளியே போகக்கூடாது. பனைமேல் குழாய் அந்த நிபந்தனையைப் பட்டப்பகலிலேயே மீறுகிறது. கூத்துப் பார்க்க வந்தவர் களரியைச் சுற்றித்தானே இருக்கிறார், அவருக்குத் தரையில் நிற்கிற இரண்டு பெட்டி போதும். அனுமதி கிடைக்காவிட்டால் பத்துக்குப் பிறகு ஒலிபெருக்கி இல்லாமலே ஆடுங்கள். எங்கள் பாட்டன்மார் அப்படித்தான் ஆடினார்கள். ஆனாலும் மேளமும் உடுக்கும் இரவில் தூரம் கேட்கும், பொதுத் தொல்லை என்று அதற்கும் முறைப்பாடு வரலாம். ஆகையால் அப்போதும் அயலுக்கும் பொலிஸுக்கும் சொல்லிவிட்டே செய்யுங்கள்.

சரி, பறிபோன சாமான். அனுமதியை மீறினால் பொலிஸார் முதலில் நிறுத்தச் சொல்ல வேண்டும், கேட்காவிட்டால் கருவிகளைக் கைப்பற்றி நீதிமன்றத்தில் ஒப்படைக்கலாம் என்று தீர்ப்பே சொல்கிறது. உங்கள் விசயத்தில் முதலில் சொல்லியிருக்கிறார்கள், நீங்கள் கேட்கவில்லை. ஆகவே கைப்பற்றியது பிழை என்று வாதாட இடமில்லை. சாமானைத் திருப்பி எடுக்கலாம். 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 431 ஆம் பிரிவின்படி, உடைமைக்கு உரித்துள்ளவரிடம் அதை ஒப்படைக்க நீதவான் கட்டளையிடலாம். சாமான் சவுண்ட்ஸ்காரருடையது என்பதால் அவரே வாங்கிய பற்றுச்சீட்டோடு விண்ணப்பிக்க வேண்டும். வழக்கு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை, பிணைமுறி எழுதி எடுத்துக்கொள்ளக் கேட்கலாம். இதை மூன்று கிழமைக்கு முன்பே செய்திருந்தால் நட்டம் இவ்வளவுக்குப் போயிராது.

அந்த நட்டத்தை யார் தருவது? பிரதேச சபையில் பதிந்த சனசமூக நிலையம் அந்தப் பதிவினால் மட்டும் சட்டத்தின் கண்ணில் தனி ஆளாகிவிடாது. சவுண்ட்ஸ்காரரோடு பேசி அட்வான்ஸ் கொடுத்தவர் நீங்கள் என்றால் அவர் உங்களைத்தான் பிடிப்பார். உங்களுக்கும் பதில் இருக்கிறது. அனுமதி பத்து மணிவரைதான் என்று அவருக்குத் தெரியுமா? பொலிஸார் எச்சரித்துப் போன பிறகு மறுபடி சுவிற்சைப் போட்டது யாருடைய கை? தெரிந்தே அவரும் இயக்கியிருந்தால் முழு நட்டத்தையும் உங்கள் தலையில் கட்ட முடியாது. அவரையே மறுபடி போடச் சொன்னது நிர்வாகம் என்றால், நியாயமான பங்கைக் கொடுப்பதுதான் முறை. வாய்ப்பேச்சு ஒப்பந்தத்துக்கு மூன்று வருசம்வரை வழக்குப் போடலாம், ஆனால் இந்தளவு தொகைக்கு நேரே நீதிமன்றம் போகாமல் முதலில் பிணக்கைச் சமரசமாகத் தீர்க்கிற இணக்கசபைக்குப் போக வேண்டி வரும். அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடியக்கூடிய விசயம் இது. நிர்வாகக் கூட்டத்தில் தீர்மானம் எடுத்துக் கூட்டறிக்கையில் எழுதிவிட்டுக் காசைக் கொடுங்கள், இல்லாவிட்டால் நாளைக்கு அது உங்கள் சொந்தக் கடனாகிவிடும்.

நுழைவுச்சீட்டு விற்றால் என்ன என்றும் கேட்டிருந்தீர்கள். 1946 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் களியாட்ட வரிக் கட்டளைச்சட்டம் இருக்கிறது, ஆகவே விற்க முன்னம் பிரதேச சபைக்குப் போங்கள். சேரும் காசு தரும காரியத்துக்கு என்றால் விலக்கும் அப்போதே கேளுங்கள். சைக்கிள் பரிசு என்று போடுகிற அதிர்ஷ்டச்சீட்டை அனுமதி இல்லாமல் செய்ய வேண்டாம். அது லொத்தர் கட்டளைச்சட்டத்தின் கீழ் குற்றம்.

எனக்கு உண்மையில் பயம் தந்தது கடைசிச் செய்திதான். வாசலில் நின்று சத்தம் போட்ட பொடியளை இன்றைக்கே கூப்பிட்டு நிறுத்துங்கள். முறைப்பாட்டை மீளப் பெறு என்று வெருட்டுவது தண்டனைச் சட்டக்கோவையில் குற்றமுறையான பயமுறுத்தல். பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கிற 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டமும் இருக்கிறது, அதில் மாட்டினால் பிணை எடுப்பதே பெரும்பாடு. ஒலிபெருக்கி வழக்குச் சின்ன வழக்கு, பொடியளின் வெளிநாட்டுப் பயணமும் வேலையும் இந்த வெருட்டல் வழக்கில்தான் கெடும். அந்த மனிதர் செய்தது சட்டம் அவருக்குக் கொடுத்த உரிமை. அவர் வீட்டில் ஆர் படுத்திருக்கினம் என்று நீங்கள் ஒருவராவது கேட்டீர்களா?

அவரைப் பார்க்கப் போவதானால் வழக்கு முடிந்த பிறகு, கிராம அலுவலரோடு, அடுத்த வருசக் கொப்பியோடு போங்கள். அவருடைய கையெழுத்துத்தான் அதில் முதலாவதாக இருக்க வேண்டும். தவணைக்கு அனுமதிப்பத்திரத்தின் பிரதியையும் நிலையத்தின் பதிவுச் சான்றிதழையும் கொண்டு நேரத்துக்குப் போங்கள், பொலிஸார் முதலில் எச்சரித்ததை மறைக்காதீர்கள். சட்டத்தரணி வைக்க வசதியில்லை என்றால் யாழ்ப்பாணத்திலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குத் தவணைக்கு ஒரு கிழமை முன்னமே போய்விடுங்கள்.