உருளைக்கிழங்கு ஒருமையா, பன்மையா? – ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். இப்போது இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் இருக்கிறேன். எங்கள் பகுதி நூலகத்தில் வாரம் ஒருநாள், உக்ரைனிலிருந்து வந்தவர்களுக்கு அடிப்படை ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். சம்பளம் கிடையாது, பிடித்துச் செய்கிற வேலை. வகுப்புக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் நாற்பது வயதைத் தாண்டிய பெண்கள். ஒருவர் அங்கே கணக்காளராக இருந்தவர், இன்னொருவர் பள்ளியில் வேதியியல் ஆசிரியை.

இப்போது உணவுப் பாடம் நடக்கிறது. படத்தைப் பார்த்துப் பெயர் சொல்வது, கோடிட்ட இடத்தை நிரப்புவது எல்லாம் நன்றாகச் செய்கிறார்கள். வாய் திறந்து பேசும்போதுதான் சிக்கல். பையில் இரண்டு கிலோ கிழங்கு இருக்கும், 'பொட்டேட்டோ இஸ் இன் பேக்' என்பார்கள். 'க்ரீம் ஆர் ஃப்ரெஷ்' என்பார்கள். முட்டை எத்தனை என்பதற்கு 'ஹவ் மச் எக்ஸ்' என்று கேட்பார்கள். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வர வேண்டிய எ, தி இரண்டும் வருவதே இல்லை. எத்தனை தடவை திருத்தினாலும் அடுத்த வாரம் அதேதான். இலக்கணப் பயிற்சித் தாள்களை இன்னும் அதிகமாகக் கொடுக்க வேண்டுமா?

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. இவ்வளவு படித்தவர்களிடம் ஆப்பிள், வாழைப்பழப் படத்தைக் காட்டுவது அவர்களைச் சிறுபிள்ளையாக நடத்துவது இல்லையா? நீங்கள் பல நாட்டவருக்கு ஆங்கிலம் கற்பித்தவர் என்பதால் கேட்கிறேன். பெயர் வெளியிட வேண்டாம்.

லீட்ஸ் வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

பயிற்சித் தாளைக் கூட்டாதீர்கள். உங்கள் மாணவிகள் கவனக்குறைவாகப் பேசவில்லை. நீங்கள் எழுதியிருக்கும் ஒவ்வொரு வாக்கியமும் உக்ரைனிய மொழியில் சரியான வாக்கியம். ஆங்கிலச் சொற்களை வைத்து உக்ரைனியம் பேசுகிறார்கள், அவ்வளவுதான். அடியில் இருக்கும் அந்த வாக்கியம் எது என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டால், எதைப் பழக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பது தன்னால் விளங்கும்.

உருளைக்கிழங்கையே எடுத்துக்கொள்வோம். உக்ரைனியத்தில் அது கர்தோப்ல்யா. நாம் அரிசியைச் சொல்வதுபோல, ஒரு மூட்டை இருந்தாலும் ஒருமையில்தான் சொல்வார்கள். வெங்காயம், கேரட், ஸ்ட்ராபெரி, ராஸ்பெரி எல்லாம் இந்த வகைதான். வெங்காயம் சிபூல்யா, கேரட் மோர்க்வா. கூடை நிறைய இருந்தாலும் ஒருமை. மறுபக்கம், பாலிலிருந்து எடுக்கும் க்ரீமுக்கு அவர்கள் சொல்லும் வெர்ஷ்கி எப்போதும் பன்மை. பணத்துக்கான ஹ்ரோஷியும் பன்மை. ஈஸ்டுக்கான சொல்லும் பன்மை. 'க்ரீம் ஆர்' எங்கிருந்து வருகிறது என்று இப்போது தெரிகிறதா? தாளில் கோடிட்ட இடத்தை நிரப்ப யோசிக்க நேரம் இருக்கிறது. கடைக்காரர் முன்னால் நிற்கும்போது அந்த நேரம் இல்லை, தாய்மொழி முந்திக்கொள்கிறது.

அதனால் படங்களை விட்டுவிட்டு ஒரு பையில் நிஜப் பொருள்களைக் கொண்டுபோங்கள். எல்லாக் காய்கறியும் வேண்டாம். இரண்டு மொழிகளும் முரண்படுகிற பொருள்கள் மட்டும் போதும்: நாலு கிழங்கு, மூன்று வெங்காயம், இரண்டு கேரட், ஒரு டப்பா க்ரீம், ஈஸ்ட், கொஞ்சம் சில்லறை. ஒவ்வொருவராகக் கையை விட்டு எடுத்து 'தேர் ஆர் த்ரீ ஆனியன்ஸ்', 'தேர் இஸ் சம் க்ரீம்' என்று சொல்லட்டும். ஆப்பிளையும் முட்டையையும் வைத்து நேரத்தைச் செலவழிக்காதீர்கள். அவர்கள் மொழியில் ஒரு முட்டைக்கு ஒரு வடிவம், இரண்டிலிருந்து நாலுவரை இன்னொரு வடிவம், ஐந்திலிருந்து வேறொரு வடிவம். அந்தக் கணக்கில் வளர்ந்தவர்களுக்கு எண்ணுக்குப் பின்னால் ஒரு எஸ் சேர்ப்பது பெரிய காரியமே இல்லை. 'அஞ்சு முட்டை வாங்கிட்டு வா' என்று சொல்லி வளர்ந்த நம் பிள்ளைகளுக்குத்தான் அந்தப் பயிற்சி வேண்டும்.

தமிழ் பேசுகிற ஆசிரியை என்பதால் உங்களுக்குச் சில இடங்கள் கண்ணில் படாமல் போகும். 'ஹவ் மச்', 'ஹவ் மெனி' வேறுபாடு நமக்குப் பிறவியிலேயே இருக்கிறது: எவ்வளவு, எத்தனை. பால் எத்தனை என்று எந்தத் தமிழ்க் குழந்தையும் கேட்காது. உக்ரைனியத்தில் இரண்டுக்கும் ஸ்கில்கி என்ற ஒரே சொல். நமக்கு எளிது என்பதால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டுக் கடந்துபோயிருப்பீர்கள். அங்கேதான் நின்று பழக்க வேண்டும். குறில் நெடிலும் அப்படித்தான். அவர்கள் மொழியில் உயிரொலியை நீட்டுவதால் பொருள் மாறாது. அதனால் 'ஈட்', 'இட்' இரண்டும், 'பீன்', 'பின்' இரண்டும் ஒன்றுபோலக் கேட்கலாம். கையால் இழுத்துக் காட்டி நெடிலைச் சொல்லிக்கொடுங்கள்.

அதே தமிழ் வேறு இடங்களில் உங்களுக்குப் பெரிய பலம். நாம் 'எனக்கு இது பிடிக்கும்' என்கிறோம். அவர்களும் நான்காம் வேற்றுமையில்தான் சொல்வார்கள்: 'மெனீ பொதோபாயெத்ஸ்யா'. 'எனக்குக் குளிருது' என்பதும் அங்கே அப்படியே. போர்ஷ் என்பது அவர்களுடைய பீட்ரூட் சூப். 'போர்ஷ் ருசியானது' என்று சொல்ல 'போர்ஷ் ஸ்மாச்னி' போதும், நடுவில் 'இஸ்' தேவையில்லை. ஒரு மாணவி 'போர்ஷ் டேஸ்டி' என்று நிறுத்தினால் அவர் மனசில் என்ன நடந்தது என்று உங்களுக்கு உள்ளிருந்தே தெரியும். ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட ஆசிரியருக்கு அது எளிதில் பிடிபடாது. ஒரு குறுக்குவழியும் உண்டு. 'ஐ லவ் போர்ஷ்' என்ற அமைப்பு அவர்கள் மொழியிலும் அப்படியே இருக்கிறது, உணவுக்குச் சாதாரணமாகச் சொல்வார்கள். அதில் தொடங்கி 'ஐ லைக்' பக்கம் கூட்டிவாருங்கள். ஆண்பால் பெண்பால் குழப்பத்துக்கு அதிக நேரம் வேண்டாம். அவர்களுக்குப் போர்ஷ் ஆண்பால், கஞ்சிக்கான காஷா பெண்பால். தட்டில் இருப்பதெல்லாம் 'இட்' என்று சொன்னால் சில வகுப்புகளில் சரியாகிவிடும்.

இப்போது எ, தி விஷயம். உக்ரைனியத்தில் அந்த இரண்டு சொற்களும் இல்லை, தமிழிலும் இல்லை. ஆனால் அவை செய்கிற வேலை இரண்டு மொழியிலும் நடக்கிறது. 'தண்ணீர் ஊற்று' என்றால் ஏதோ கொஞ்சம் தண்ணீர். 'தண்ணீரை ஊற்று' என்றால் இருவருக்கும் தெரிந்த அந்தத் தண்ணீர். உக்ரைனியத்தில் இதே வேறுபாட்டைச் சொல்லின் ஈறு காட்டும்: முதலாவதற்கு 'நலிய் வோதி', இரண்டாவதற்கு 'நலிய் வோது'. ஆங்கிலத்தில் முதலாவது 'சம் வாட்டர்', இரண்டாவது 'தி வாட்டர்'. இந்த மூன்றையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். புதிதாக எதையோ திணிக்கிறார்கள் என்ற எண்ணம் போய், தங்களுக்குத் தெரிந்த ஒன்று வேறு இடத்தில் வருகிறது என்பது புரியும். மாணவிகளில் யாராவது சோவியத் காலப் பள்ளியில் ஜெர்மன் படித்தவரா என்றும் கேளுங்கள். ஜெர்மனிலும் எ, தி போன்ற சொற்கள் உண்டு என்பதால் அவருக்கு இது புதிதே அல்ல, பக்கத்தில் இருப்பவருக்கு அவரே சொல்லிக்கொடுப்பார். இன்னொன்று, 'தி'யைப் பற்றி அவர்கள் எல்லாருக்கும் உறுதியாகத் தெரிந்த ஒரு விதி இருக்கும்: தங்கள் நாட்டின் பெயருக்கு முன்னால் 'தி' போடக் கூடாது. உக்ரைன் தனி நாடான 1991க்கு முன்பு ஆங்கிலத்தில் அப்படிப் போடுவது வழக்கம். ஒரு பகுதியின் பெயர்போல ஒலிக்கிறது, தனி நாட்டின் பெயராக இல்லை என்பதால் உக்ரைனியர்கள் அதை ஏற்பதில்லை. அந்த ஒரு சிறு சொல்லுக்கு எவ்வளவு கனம் என்று உங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

எ, தி இரண்டும் இயல்பாக வந்து உட்காரும் இடம் சமையல் குறிப்பு. 'டேக் அன் ஆனியன். பீல் தி ஆனியன்.' முதல்முறை வரும்போது 'அன்', தெரிந்த பொருளானதும் 'தி'. விதியைச் சொல்லாமலே விதி நடந்துவிடுகிறது. ஏவல் வினை என்பதால் எழுவாய் வேண்டாம், காலம் வேண்டாம், 'ஈட்ஸ்' என்று எஸ் சேர்க்கும் தொல்லையும் இல்லை. அவர்கள் மொழியில் நீ என்பவருக்கு ஓர் ஏவல், நீங்கள் என்பவருக்கு வேறு ஏவல். ஆங்கிலத்தில் ஒன்றே ஒன்று. ஆரம்பநிலையில் இருப்பவர் ஒரு தவறும் இல்லாமல் பத்து வாக்கியம் தொடர்ந்து பேச முடிகிற இடம் இதைத் தவிர எனக்குத் தெரிந்து வேறில்லை. பீல், சாப், க்ரேட், பாயில், ஃப்ரை, ஸ்டிர், ஆட். இந்த ஏழு வினைகள் முதல் மாதத்துக்குப் போதும். காப்பிக்கு மட்டும் 'குக்' என்பார்கள். அவர்களுடைய வரீத்தி என்ற வினை காப்பிக்கும் சூப்புக்கும் பொது. 'மேக்' என்று மாற்றிக்கொடுங்கள்.

குறிப்பு எதற்கு என்று கேட்டால், போர்ஷுக்குத்தான். 2022 ஜூலை 1ஆம் தேதி யுனெஸ்கோ உக்ரைனியப் போர்ஷ் சமைக்கும் பண்பாட்டை அவசரமாகப் பாதுகாக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. யெவ்ஹேன் க்ளோபோதென்கோ என்ற சமையற்கலைஞர் அதற்காகப் பாடுபட்டவர்களில் ஒருவர். போர்ஷுக்கு ஒரே செய்முறை கிடையாது. பெரும்பாலும் பீட்ரூட் இருக்கும். அதற்குப் பிறகு பீன்ஸ் விதை போடுவதா, காளான் போடுவதா, உலர்ந்த பிளம் சேர்ப்பதா என்று ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறும். பொல்தாவாக்காரர் மாவு உருண்டைகளான ஹலுஷ்கி போடுவார். 'வீ புட் பீன்ஸ்', 'வீ டோன்ட் புட் பீன்ஸ்' என்று வகுப்பில் வாக்குவாதம் தொடங்கிவிடும். தொடங்கட்டும், நீங்கள் தடுக்காதீர்கள். எதிர்மறை வாக்கியத்தைத் தாளில் நூறு முறை எழுதி வராத வேகம் அந்த வாக்குவாதத்தில் வரும், ஏனென்றால் அங்கே அவர்கள் தங்கள் அம்மாவின் கைப்பக்குவத்துக்காகப் பேசுகிறார்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. உணவு சிறுபிள்ளைப் பாடம் இல்லை, வாழைப்பழப் படம்தான் சிறுபிள்ளைத்தனம். பீட்ரூட்டின் சிவப்பு மங்காமல் இருக்கக் கொஞ்சம் வினிகரோ தக்காளியோ சேர்ப்பது ஏன் என்று வேதியியல் ஆசிரியையைச் சொல்லச் சொல்லுங்கள். 'ஆசிட் கீப்ஸ் தி கலர்' என்ற நாலு சொல்லை அவர் சொல்லும்போது மறுபடி ஆசிரியையாக நிற்பார். கணக்காளரிடம் கடை ரசீதைக் கொடுங்கள், 'ஹவ் மச்', 'ஹவ் மெனி' இரண்டும் அதில் இருக்கிறது. உணவுப் பொட்டலத்தின் மேல் 'யூஸ் பை' என்று இருந்தால் அந்தத் தேதிக்குப் பிறகு சாப்பிடக் கூடாது, 'பெஸ்ட் பிஃபோர்' என்றால் சுவை குறையலாம், ஆபத்தில்லை. பிரிட்டனில் 14 ஒவ்வாமைப் பொருள்களைப் பொட்டலத்தில் தனித்துக் காட்ட வேண்டும் என்று சட்டம். 'மே கன்டெய்ன் நட்ஸ்' என்ற வரியில் 'மே' என்ன சொல்கிறது என்பது, பிள்ளைக்கு மதிய உணவு கட்டுகிற தாய்க்கும் ஓட்டல் சமையலறையில் வேலைக்குப் போகிறவருக்கும் உடனே தேவைப்படுகிற இலக்கணம்.

சொற்களையும் உங்கள் ஊர்க் கடையிலிருந்தே எடுங்கள். இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் பல அமெரிக்க ஆங்கிலம். லீட்ஸ் கடையில் கத்தரிக்காய்க்கு 'எக்பிளான்ட்' என்று பலகை இருக்காது, 'ஓபர்ஜீன்' என்றுதான் இருக்கும். அவர்களுடைய புளித்த க்ரீமான ஸ்மெத்தானாவுக்கு நெருக்கமானது அங்கே 'சவர்ட் க்ரீம்', உப்பில் ஊறிய வெள்ளரிக்கு 'கெர்கின்' என்று தேட வேண்டும். 'பிஸ்கட்' என்ற சொல்லில் ஏமாறுவார்கள், உக்ரைனியத்தில் பிஸ்க்வித் என்பது மெத்தென்ற கேக். வட இங்கிலாந்தில் பக்கத்து வீட்டுக்காரர் 'டீ'க்குக் கூப்பிட்டால் அது பெரும்பாலும் ராத்திரிச் சாப்பாடு. இதை எந்தப் பாடப்புத்தகமும் முதல் பாடத்தில் சொல்வதில்லை, நீங்கள் சொல்லுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். ரஷ்ய மொழி விளக்கத்தோடு அச்சான சொற்பட்டியலை, கைவசம் இருக்கிறது என்பதற்காகக் கொடுத்துவிடாதீர்கள். அவர்களில் பலருக்கு ரஷ்யமும் தெரியும். ஆனால் ரஷ்யா படையெடுத்த 2022 பிப்ரவரி 24க்குப் பிறகு அந்தத் தாளைக் கையில் வாங்குவது அவர்களுக்குச் சாதாரண விஷயம் இல்லை. அடுத்தது, பசியைச் சொல்ல ஆங்கிலேயர் விளையாட்டாகச் சொல்லும் 'ஐயம் ஸ்டார்விங்' வேண்டாம். 1932-33இல் ஸ்டாலின் ஆட்சியில் தானியத்தைப் பறித்ததால் உக்ரைனில் பல லட்சம் பேர் பட்டினியால் இறந்தார்கள். ஹொலொதொமோர் என்று அதை நினைவுகூர்ந்து, நவம்பர் மாதம் நான்காம் சனிக்கிழமை ஜன்னலில் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். ரொட்டித் துண்டைத் தூக்கி எறிய மனம் வராத பெரியவர்கள் உங்கள் வகுப்பிலும் இருக்கலாம். 'ஐயம் ஹங்க்ரி' போதுமானது.

கடைசியாக, திருத்துவது பற்றி. பேசிக்கொண்டிருக்கும்போது 'தி' விட்டுப்போனால் விட்டுவிடுங்கள், பொருள் கெடாது. 'இஸ்', 'ஆர்', 'மச்', 'மெனி' நாலையும் மட்டும் திருத்துங்கள், அதையும் அவர் வாக்கியத்தை முடித்த பிறகு. இரண்டு மாதம் இப்படி நடத்திப் பாருங்கள். வகுப்பில் எந்த ஊர்ப் போர்ஷ் ஜெயித்தது என்றும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா