பதில்: பின்னாடியே வருவதுதான் காதல் என்கிறாள் என் மகள்

வணக்கம் அக்கா. ஒன்பதாவது படிக்கும் மகள், பென்னாகரம் பஸ்ஸில் தினமும் பின்னால் வரும் பையனைப் பற்றி "படத்தில் வருகிற மாதிரியே இருக்கு" என்று சிரித்ததாகவும், டிவியை நிறுத்திவிடலாமா, பள்ளியையே நிறுத்திவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

பள்ளியை மட்டும் நிறுத்தாதீர்கள். நம் தர்மபுரிப் பக்கம் அப்படி நின்ற பெண்ணுக்கு அடுத்து மாப்பிள்ளைதான் பார்ப்பார்கள், உங்களுக்கே தெரியும்.

டிவியும் ஓடட்டும், கூட உட்காருங்கள். நாயகன் வழிமறிப்பான், அவள் "வேண்டாம்" என்பாள், நண்பர்கள் சிரிப்பார்கள், அடுத்த பாட்டில் இருவரும் வெளிநாட்டில் ஆடுவார்கள். அங்கே சும்மா கேளுங்கள்: "இவ எத்தனை தடவை வேண்டாம்னு சொன்னா? எப்போ மனசு மாறினா, காட்டினாங்களா?" பெரும்பாலும் காட்டியிருக்க மாட்டார்கள். அவளுக்குப் பெயர் சொல்லும்படி ஒரு தோழிகூட இருக்காது. சீரியல் இன்னும் மோசம். படித்த பெண் என்றாலே வில்லி!

மாற்றாக 2018-இல் வந்த 'கனா'வைப் போடுங்கள். விவசாயி மகள் ஒருத்தி இந்திய அணிக்குக் கிரிக்கெட் ஆடப் போகிற கதை.

அப்புறம் அந்தப் பையன் விஷயம். விருப்பமில்லை என்று தெரிந்தும் பெண்ணைப் பின்தொடர்வது 2013 முதல் தனிக் குற்றம்; இப்போது பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் சட்டத்தின் 78-ஆவது பிரிவு, முதல் முறைக்கே மூன்று ஆண்டு வரை சிறை. இதை மிரட்டலாக இல்லாமல் செய்தியாக மகளிடம் சொல்லுங்கள். தலைமையாசிரியரிடமும் பேசுங்கள். அவன் தொடர்ந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள், மகளே அழைக்கலாம்.