பழைய ஜெர்மன் கார்கள்: கேட்டதும் சொன்னதும்

கிள்ளான் பள்ளத்தாக்கிலும் பினாங்கிலும் பழைய பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ், கோல்ஃப் வைத்திருக்கும் அன்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். செகாம்புட்டில் உள்ள என் பட்டறைக்கு வருபவை பெரும்பாலும் 1985 முதல் 2005 வரை வந்த வண்டிகள். அதற்கு வெளியே உள்ளவற்றைப் பற்றி நான் பேசுவது முறையல்ல. குதிரைத்திறனைக் கூட்ட வழி கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: வண்டி தொழிற்சாலையை விட்டு வந்தபோது இருந்த ஆரோக்கியத்தை அதற்குத் திருப்பிக் கொடுங்கள். பவர் எல்லாம் அப்புறம்.

செராஸ்: அண்ணே, என்னுடையது 2003 பிஎம்டபிள்யூ இ46 325ஐ. ஃபெடரல் நெடுஞ்சாலை ஜேமில் பானட்டிலிருந்து ஆவி வந்தது. மீட்டர் ஊசி நடுவிலேயே நின்றது. ஊசி சரியாக இருந்தால் என்ஜினும் சரிதானே?

இல்லை தம்பி. இ46 ஊசியை நம்பவே கூடாது. ஏறத்தாழ 75 டிகிரியிலிருந்து 110 டிகிரிக்கு மேல் வரை அது நடுவிலேயே நிற்கும்படிதான் அமைத்திருக்கிறார்கள். ஊசி நகர்வதை நீங்கள் பார்க்கும் நேரத்தில் காரியம் கைமீறியிருக்கும். மீட்டர் பலகைக்குள் மறைந்திருக்கும் சோதனைப் பட்டியலில் 7-ஆம் எண்ணில் உண்மையான வெப்பநிலை தெரியும். பூட்டைத் திறக்க 19-ஆம் எண். ஜேமில் நிற்கும்போது 110-ஐத் தொட்டால் ஓரம் கட்டி என்ஜினை நிறுத்துங்கள். ஐந்து நிமிடத்தில் வீடு வந்துவிடும் என்று ஓட்டாதீர்கள்.

உங்கள் எம்54 என்ஜினில் பிளாக், ஹெட் இரண்டுமே அலுமினியம். கடுமையாகச் சூடேறினால் ஹெட் வளைவதோடு நிற்காது, ஹெட் போல்ட் பிடித்திருக்கும் மரை பிளாக்கிலிருந்தே பெயர்ந்து வந்துவிடும். அதன்பின் புது கேஸ்கெட் போட்டும் பயனில்லை. ஒவ்வொரு துளையிலும் எஃகு மரைக்கூடு பதிக்க வேண்டும். அந்தச் செலவோடு ஒப்பிட்டால் கூலிங் முழுவதையும் மாற்றுவது சிறிய தொகை.

முழுவதும் என்றால் முழுவதும்தான்: ரேடியேட்டர், எக்ஸ்பான்ஷன் டேங்க், அதன் மூடி, வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், பெல்ட், புல்லி. டேங்க் ஒட்டுத்தையலில் பிளக்கும், ரேடியேட்டர் கழுத்து நொறுங்கும், பழைய வாட்டர் பம்ப்பில் பிளாஸ்டிக் விசிறி உடைந்து தண்டு மட்டும் சுற்றும். ஒன்றை மட்டும் மாற்றினால் அழுத்தம் அடுத்த பலவீனமான இடத்தைத் தேடிப் போகும். இந்த வண்டிகளுக்கு இருபது வயதுக்கு மேல் ஆகிவிட்டது. நம் ஊர் வெயிலும் ஜேமும் அந்தப் பிளாஸ்டிக்கை ஜெர்மனியைவிட வேகமாகத் தின்னும்.

பைப் தண்ணீர் ஊற்றாதீர்கள். நீலக் கூலண்ட் பாதி, காய்ச்சி வடித்த தண்ணீர் பாதி. கூலண்டில் சிக்கிய காற்றை எடுக்கும்போது வண்டியின் முன்பக்கத்தை உயர்த்தி, சாவியை ஆன் நிலையில் வைத்து, ஹீட்டரை முழுச் சூட்டுக்குத் திருப்பி, ஃபேனைக் குறைவாக வைத்து, டேங்க் பக்கத்துத் திருகு வழியாகக் குமிழி நிற்கும்வரை மெதுவாக ஊற்ற வேண்டும். அவசரப்படும் போமன் (மெக்கானிக்) இங்கேதான் கோட்டை விடுகிறார்.

பூச்சோங்: 330ஐ. எண்ணெய் குறைந்துகொண்டே வருகிறது, தரையில் சொட்டு இல்லை. பிஸ்டன் ரிங் போய்விட்டது, என்ஜினை இறக்க வேண்டும் என்கிறார்கள்.

இறக்குவதற்கு முன் என்ஜின் ஆவியைத் திருப்பி அனுப்பும் வால்வைப் பாருங்கள். இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் இருக்கும். அதன் உள் சவ்வு கிழிந்தால் எண்ணெய் நேராக சிலிண்டருக்குள் உறிஞ்சப்பட்டு எரியும். ஓடும்போது எண்ணெய் மூடியைத் திறக்கவே முடியாத அளவுக்கு இழுத்துப் பிடித்தால் சந்தேகம் அங்கேதான். குழாய்களோடு சேர்த்து மாற்றி, எண்ணெயையும் மாற்றி, கொஞ்ச நாள் ஓட்டிப் பாருங்கள். எம்54-இல் ரிங் கரிபிடித்து ஒட்டுவதும் உண்மைதான். ஆனால் அது இரண்டாவது சந்தேகம். எண்ணெயை 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுங்கள். 25,000 வரை போகலாம் என்று அக்காலத்தில் சொன்னதை நம் ஊர் ஜேமில் பின்பற்ற வேண்டாம்.

ஜார்ஜ்டவுன்: வணக்கம் அண்ணா. அப்பாவின் 1994 மெர்சிடிஸ் டபிள்யூ124 இ220. அப்பா இப்போது இல்லை, வண்டியை விற்க மனமில்லை. மழை பெய்தால் ஐட்லிங்கில் குலுங்குகிறது, சில நாள் ஸ்டார்ட் ஆவதில்லை. நான்கு பட்டறை மாறி பிளக், காயில், சென்சார் எல்லாம் மாற்றிவிட்டார்கள்.

தங்கச்சி, இனி எந்தப் பாகத்தையும் வாங்காதீர்கள். முதலில் என்ஜின் வயரிங்கைப் பார்க்க வேண்டும்.

1992 முதல் 1995 வரை வந்த பல மெர்சிடிஸ் என்ஜின்களில், சுற்றுச்சூழலுக்காக மட்கக்கூடிய உறை போட்ட வயர்களைப் பயன்படுத்தினார்கள். குப்பையில் மட்க வேண்டிய அந்த உறை என்ஜின் சூட்டில் வண்டியிலேயே மட்கிவிடுகிறது. வெளியே கறுப்பு ஸ்லீவ் புதிதுபோல் இருக்கும். அதைச் சற்று ஒதுக்கிப் பாருங்கள்: உள்ளே உறை பிஸ்கட் தூளாக உதிர்ந்து செம்பு தெரியும். வெயிலில் ஓடும், ஈரம் பட்டதும் வயரோடு வயர் உரசிக் குழப்பும். உங்கள் குறிகள் எல்லாம் அதோடு பொருந்துகின்றன.

இன்சுலேஷன் டேப் சுற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சாவியைக் கொடுக்காதீர்கள். தொட்ட இடமெல்லாம் உதிரும் வயர் அது, டேப் சுற்றும்போதே அடுத்த அடி உடையும். ஷார்ட் ஆனால் என்ஜின் கம்ப்யூட்டரும் போய்விடும், அது வயரைவிட விலை. வழி இரண்டு: புது ஹார்னஸ் (வயர்க்கட்டு) வாங்குவது, அல்லது பழைய பிளக்குகளை வைத்துக்கொண்டு வெப்பம் தாங்கும் வயரால் முழுவதையும் திரும்பக் கட்டுவது. இரண்டாவதைப் பொறுமையுள்ள வயர்மேன் செய்தால் நன்றாகவே இருக்கும். த்ராட்டில் பாகத்துக்குள் போகும் வயரும் அதே ரகம், மறக்காமல் அதையும் பார்க்கச் சொல்லுங்கள். ஹார்னஸில் தேதி அச்சிட்ட துண்டு ஒட்டியிருக்கும். அப்பா ஏற்கெனவே ஒருமுறை மாற்றியிருந்தால் அதில் தெரியும்.

வண்டியை வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கதவு மூடும் சத்தத்துக்காகவே வைத்துக்கொள்ளலாம்.

கெப்போங்: பெட்ரோல் 95 போதுமா, 97 ஊற்றணுமா?

சாதாரண 325ஐ, இ220 போன்றவை 95-இல் ஓடும், நாக் சென்சார் தன்னைச் சரிசெய்துகொள்ளும். எம்3, டர்போ, ட்யூன் செய்தவை: 97-க்குக் கீழே வேண்டாம்.

மோன்ட் கியாரா: இ46 எம்3 வாங்கப் போகிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

இரண்டு இடம். ஒன்று, கனெக்டிங் ராட் பேரிங். எஸ்54 என்ஜினின் ஆரம்ப கால வண்டிகளுக்கு பிஎம்டபிள்யூவே திரும்ப அழைத்து மாற்றிக் கொடுத்தது. மாற்றிய ரசீது இல்லாவிட்டால் அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். எண்ணெய் 10டபிள்யூ-60 மட்டுமே. ஆர்பிஎம் மீட்டரில் எரியும் மஞ்சள் விளக்குகள் அணையும்வரை மிதிக்காதீர்கள், எண்ணெய் சூடாகவில்லை என்றுதான் அவை சொல்கின்றன. இரண்டு, பின்பக்க சப்ஃப்ரேம் (பின்சக்கரப் பாகங்களைத் தாங்கும் சட்டம்) உடலோடு சேரும் நான்கு இடங்கள். அங்கே தகடு விரிசல் விடும். வண்டியைத் தூக்கி, விளக்கடித்து, அண்டர்கோட் புதிதாகப் பூசியிருந்தால் சுரண்டிப் பாருங்கள். சுரண்ட விடாத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

காஜாங்: பிஎம்டபிள்யூ இ36 318ஐ, என்ஜின் போச்சு. ஹாஃப்-கட் (வெட்டிய அரைவண்டி) கடையில் டொயோட்டா 1ஜேஸட் டர்போ என்ஜின் கியர்பாக்ஸோடு கிடைக்கிறது. போடலாமா?

போட வேண்டாம் என்பது என் கருத்து. காரணம் சொல்கிறேன். உங்கள் 318ஐ 115 குதிரைத்திறனுக்குக் கட்டிய வண்டி. 1ஜேஸட் 280. பிரேக் அதேதான், ரேடியேட்டர் அதேதான். டிஃபரன்ஷியல் (பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பாகம்) 168 மில்லிமீட்டர் சின்ன ரகம். ஆறு சிலிண்டர் இ36-க்கு பிஎம்டபிள்யூவே 188 போட்டது. எண்ணெய்த் தொட்டி முன் சப்ஃப்ரேமில் இடிக்கும், ப்ரொப்பெல்லர் தண்டை வெட்டி ஒட்ட வேண்டும், மீட்டர் பலகை டொயோட்டா கம்ப்யூட்டரின் மொழியைப் புரிந்துகொள்ளாது. இவை எதுவும் ஹாஃப்-கட் விலையில் சேராது. பாதியில் பணம் தீர்ந்து தார்ப்பாய் போர்த்தி நிற்கும் வண்டிகள்தான் அதிகம்.

கிள்ளான்: அண்ணே, காஜாங் தம்பியை பயமுறுத்தாதீங்க. என் இ36-இல் 1ஜேஸட்தான், நல்லா ஓடுது. 328ஐ-க்கு ரோட் டெக்ஸ் 1,600 ரிங்கிட், எனக்கு 900-க்குள்ளே. பார்ட்ஸ் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஜெர்மன் என்ஜின் என்று கும்பிட்டுக்கொண்டிருந்தால் பாக்கெட் காலி.

ரோட் டெக்ஸ் கணக்கு சரிதான், ஒப்புக்கொள்கிறேன். 2,500 சிசிக்கு 880 ரிங்கிட், அதைத் தாண்டும் ஒவ்வொரு சிசிக்கும் 2.50. 328ஐ அடி வாங்குவது அங்கேதான். ஆனால் 325ஐ-இன் எம்50 என்ஜினும் 2,494 சிசிதானே? அதே வரி, 192 குதிரைத்திறன், மவுன்ட் பொருந்தும், 188 டிஃபரன்ஷியலோடு சேர்த்தே அரைவண்டி கிடைக்கும். உங்கள் வாதப்படியே பார்த்தால் எம்50தான் மலிவு.

என் கேள்வி வேறு. உங்கள் கிரானில் (வண்டிப் பதிவுப் பத்திரத்தில்) என்ஜின் எண் மாறியிருக்கிறதா? ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதி, புஸ்பாகோம் (வாகனச் சோதனை நிறுவனம்) பரிசோதனை, இன்ஷூரன்ஸுக்குத் தெரிவித்தது, மூன்றும் முடிந்ததா? முடியாமல் ஓட்டினால், விபத்து நடக்கும் நாளில் இன்ஷூரன்ஸ் கைவிரிக்கலாம். உங்களுக்கு மட்டும் இழப்பென்றால் பேசாமல் இருந்திருப்பேன். எதிரே வரும் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது?

சுபாங் ஜெயா: இதைத்தான் நானும் சொல்கிறேன். டொயோட்டா என்ஜின் போட்ட பிறகு அது பிஎம்டபிள்யூவே இல்லை. வெட்டி விற்றுவிடலாம்.

அந்தப் பேச்சு வேண்டாம் ஐயா. கிள்ளான் தம்பி குப்பைக்குப் போக வேண்டிய ஒரு உடலைச் சாலையில் வைத்திருக்கிறார். அதற்கு மரியாதை உண்டு. என்ஜின் எந்த நாட்டது என்பதைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை. பிரேக்கும் கூலிங்கும் காகிதமும் என்ஜினுக்குச் சமமாக வளர்ந்ததா என்பதுதான் என் கேள்வி.

கிள்ளான்: கிரான் மாற்றியாச்சு. பிரேக் 328ஐ-இலிருந்து எடுத்தேன். டிஃபரன்ஷியலும் 188. இப்போ என்ன சொல்றீங்க?

அப்படியென்றால் உங்கள் வண்டியைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. காஜாங் தம்பிக்கு இந்தப் பட்டியலை முதல் வரியிலேயே சொல்லியிருக்கலாம். அவருக்கு "நல்லா ஓடுது" என்ற ஒரு சொல் போதாது.

காஜாங் தம்பி, என் பதில் மாறவில்லை: எம்50 தேடுங்கள். அதற்கும் அனுமதி வாங்க வேண்டும்.

ரவாங்: இ36 328ஐ, ஜேமில் சூடாகிறது. நம் ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடலாமா?

கூடாது. என்ஜின் சரியான சூட்டுக்கு வராமல் பெட்ரோல் அதிகம் குடிக்கும், சிலிண்டர் தேயும், ஜேமில் சூடாவதும் நிற்காது. ஃபேன் கிளட்சைப் பாருங்கள். மற்றது எல்லாம் செராஸ் தம்பிக்குச் சொன்னதே.

சுங்கை பூலோ: என் போமன் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டார், நல்லதுதானே?

மேலே படியுங்கள். திரும்பப் போடுங்கள்.

பாயான் லெப்பாஸ்: கோல்ஃப் ஜிடிஐ மார்க் 5. 2.0 டர்போ. ஏதாவது எச்சரிக்கை?

ஹை-பிரஷர் பெட்ரோல் பம்ப்பைத் தள்ளும் கேம் ஃபாலோயர். சின்னக் கிண்ணம்போல ஒரு பாகம், மேல்பூச்சு தேய்ந்து ஓட்டை விழுந்தால் கேம்ஷாஃப்டையே தின்னும். 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மூன்று போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். கறுப்புப் பூச்சு நடுவில் போயிருந்தால் மாற்றுங்கள். ஆறு கியர் டிஎஸ்ஜி ஆட்டோ கியர்பாக்ஸ் என்றால் 60,000-க்கு எண்ணெயும் ஃபில்டரும்.

பங்சார்: 2021 ஹைபிரிட் 3 சீரிஸ், பேட்டரி எச்சரிக்கை வருகிறது.

ஹை-வோல்டேஜ் வேலை நான் தொடுவதில்லை. அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்துக்குப் போங்கள்.

செந்தூல்: இ46 318ஐ, கூலண்ட் குறைகிறது, பைப் தண்ணீர் ஊற்றிச் சமாளிக்கிறேன்.

சமாளிக்காதீர்கள். எங்கே கசிகிறது என்று பிரஷர் டெஸ்ட் செய்யுங்கள்.

கிள்ளான்: அண்ணே, கடைசியா ஒண்ணு. வண்டியைக் கொண்டு வந்தா கூலிங்கை ஒருமுறை பார்த்துத் தருவீங்களா? மேருவிலிருந்து வரும்போது கொஞ்சம் ஏறுது.

கட்டாயம் பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை மாலையே கொண்டு வந்து விட்டுவிடுங்கள். பிரஷர் டெஸ்ட்டை முழுதாகக் குளிர்ந்த என்ஜினில் செய்ய வேண்டும், சனிக்கிழமை காலை முதல் வேலையாக எடுத்துக்கொள்கிறேன். எந்த ரேடியேட்டர், எந்த ஃபேன் போட்டீர்கள் என்று எழுதிக் கொண்டு வாருங்கள். காஜாங் தம்பி விரும்பினால் அவரும் வரட்டும், அந்த வண்டிக்கு அடியில் நின்று பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும்.