தவறு தங்களுடையது என்று தெரிந்தும் பலர் ஏன் எதிரில் இருப்பவர்மீது பாய்கிறார்கள்?

நம் மக்களுக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது என்று பொதுவாகச் சொல்லப்படுவதை நான் ஏற்கவில்லை. நெரிசலான பேருந்தில் கால் தெரியாமல் பட்டுவிட்டால், முன்பின் அறியாதவர்கூட உடனே நம்மைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். புத்தகத்தில் கால் பட்டாலும் அப்படியே செய்கிறார். ஒரு சொல்கூடப் பேசாமல் முழுமனத்தோடு கேட்கப்படும் மன்னிப்பு அது. அதே மனிதர் பேருந்திலிருந்து இறங்கி, தம் வண்டியை எடுத்துக்கொண்டு போய் யார்மீதாவது இடித்துவிட்டால், ஏன் வேறொருவராக மாறிவிடுகிறார்?

சென்ற ஆண்டு, சாலையின் எதிர்த்திசையில் வந்த ஓர் இளைஞர் என் ஸ்கூட்டரின் பக்கக் கண்ணாடியில் மோதினார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, "பார்த்து வரமாட்டீங்களா?" என்று கத்தினார். குரல்தான் உயர்ந்திருந்ததே தவிர, ஹேண்டில்பாரைப் பிடித்திருந்த அவருடைய விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்த பிறகு, அது திமிர் இல்லை, பயம் என்று எனக்குத் தோன்றியது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு எதிர்த்திசையில் ஓட்டுவதையும் ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்திருக்கிறது. முதல் முறைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ சிறையோ விதிக்கப்படலாம். கண்ணாடிக்குக் காசு கேட்பார்கள், கூட்டம் கூடும், கூடிய கூட்டமோ முதலில் சத்தம் போட்டவர் பக்கமே நியாயம் இருப்பதாக எடுத்துக்கொள்ளும். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதில் செலவு ஒன்றுமில்லை. "என் தப்புதான்" என்று சொல்வதற்கு விலை உண்டு. இந்தப் பயம் நமக்கு மட்டும் உரியதும் அல்ல. மன்னிப்புக் கேட்டதை உரிமையியல் வழக்கில் குற்ற ஒப்புதலாகக் கொள்ளக்கூடாது என்று கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2006-இலும் ஒன்டாரியோ மாகாணம் 2009-இலும் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.

ஆனால் போலீசும் நஷ்டஈடும் நுழையாத வீட்டுக்குள்ளும் நாம் இதையேதான் செய்கிறோம். ஒன்றுக்கொன்று ஒவ்வாத இரண்டு எண்ணங்களை மனம் நெடுநேரம் தாங்காது, ஏதேனும் ஒன்றைத் திருத்திக்கொண்டு அமைதி தேடும் என்று அமெரிக்க உளவியலாளர் லியோன் பெஸ்டிங்கர் 1957-இல் விளக்கினார். "நான் கவனமானவன்" என்பதும் "நான் கவனமின்றி நடந்தேன்" என்பதும் ஒரே மனத்தில் சேர்ந்து இருக்க முடியாதபோது, பெரும்பாலும் இரண்டாவதைத்தான் திருத்துகிறோம். அதற்கு நம் மொழியும் ஒரு வசதி செய்து கொடுத்திருக்கிறது. "உடைத்துவிட்டேன்" என்பது "உடைந்துவிட்டது" ஆகிறது. "தொலைத்துவிட்டேன்" என்பது "தொலைந்துவிட்டது" ஆகிறது. வல்லினம் மெல்லினமாகும் அந்த இடத்தில் செய்தவர் வாக்கியத்தை விட்டே வெளியேறிவிடுகிறார்.

மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகளின் மூக்குக்கண்ணாடியை ஓர் இரவு நான் மிதித்துவிட்டேன். அதைத் தரையில் வைத்தவள் அவள்தான். ஆனால் விளக்கைப் போடாமல் நடந்தவன் நான். என் வாயில் முதலில் வந்த சொற்கள், "யாரு இதைக் கீழே வெச்சது?" என்பவைதான். அவள் பதில் பேசவில்லை. கழன்று கிடந்த கம்பியை எடுத்துப் பாவாடையில் துடைத்து, மேசைமேல் வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். இரவு முழுவதும் எனக்கு அதே நினைவாக இருந்தது.

மறுநாள் கடையில், "உடைஞ்சிடுச்சு" என்று சொல்லிக் கண்ணாடியை நீட்டினேன். பக்கத்தில் நின்ற மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"நான்தான் மிதிச்சு உடைச்சிட்டேன்" என்று திருத்திச் சொன்னேன்.

கடைக்காரர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. கம்பியை மட்டும் மாற்றினால் போதும், சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்.